ஏழு சுற்று

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நடமாடிக்கொண்டு இருக்கிறேன், அதற்குமேல் என் உடம்பைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. உங்கள் முதுகு வலி எப்படி இருக்கிறது? மலையில் சுரங்கப்பாதை வெட்டுகிற இடத்தில் ஈரத்தில் நின்று பம்ப் பார்க்கிற வேலை, வலி லேசில் போகாது. பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

போனில் நீங்கள் 'ம்' என்கிறீர்கள், நானும் 'ம்' என்கிறேன், உங்கள் ஆபீஸ்காரர் கொடுக்கிற ரெண்டு நிமிஷமும் போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். பிழை இருக்கும். அஞ்சாவதோடு நின்றவள் என்று தெரிந்ததுதானே.

நேற்று உங்கள் அண்ணன் பேருக்கு ஒரு பார்சல் வந்தது. அவர் போய் இருபத்து மூன்று நாள் ஆனது கொண்டுவந்தவருக்கு எப்படித் தெரியும்? "சார் இல்லையா?" என்றார். இல்லை என்றேன். "எப்ப வருவார்?" என்றார். நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

பிரித்தால், அவருடைய ரிமோட் காருக்கு நீங்கள் அனுப்பிய புதுக் கார்புரேட்டர். தீப்பெட்டி அளவுதான், என்ன பளபளப்பு. கூடவே ஒட்டிய கவர் ஒன்று. மேலே உங்கள் கையெழுத்தில் 'அண்ணனுக்கு மட்டும்' என்று இருக்கிறது. நான் பிரிக்கவில்லை. எனக்கு என்று எழுதாததை நான் படிப்பதில்லை. அதை என்ன செய்யட்டும்?

இன்னொரு விஷயம். அவரோடு கார் விடுகிற பல் டாக்டர் வந்திருந்தார். ஜூன் மாதம் முதல் ஞாயிறு எல்லோரும் மைதானத்தில் சேர்கிறார்களாம். "அண்ணன் வண்டியும் ஒரு ரவுண்டு போகணும்க்கா. நான் எடுத்துட்டுப் போய் ரெடி பண்ணித் தரேன்" என்றார். வேண்டாம், நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. ஞாயிறு காலையில் பின்பக்கம் அவர் அதைக் கத்தவிடும்போதெல்லாம் நிறுத்துங்கள் நிறுத்துங்கள் என்றவள் நான். ஓடவைக்கிறவளும் நானாக இருக்கட்டும்.

எப்படி மாட்டுவது என்று எழுதுங்கள். நேரில் வந்தால் இன்னும் நல்லது. காரியத்துக்கும் நீங்கள் வரவில்லை. மலையில் சாலை உடைந்துவிட்டது என்றீர்கள். இப்போது சரிபண்ணியிருப்பார்கள். என் பிறந்த வீட்டுப் பக்கம் எனக்கு யாரும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அண்ணி


மார்ச் 24

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நலம். தபால் வண்டி பத்து நாளைக்கு ஒரு தடவைதான் மேலே வருகிறது, அதனால் தாமதம். முதுகு பரவாயில்லை. நீங்கள் வேலைக்குத் திரும்பிவிட்டீர்களா?

கார்புரேட்டர் விஷயம். பயப்பட ஒன்றுமில்லை. எஞ்சின் குடிக்கிற எரிபொருளையும் காற்றையும் கலந்து கொடுக்கிற சாமான், அவ்வளவுதான். பழசில் உள்ளே ஒரு உருளை திரும்பி வழி விடும். புதுசில் அது முன்னும் பின்னும் நகரும், வாயும் பெரிசு. அண்ணன் ரொம்ப நாளாக ஆசைப்பட்டது.

அதன் தலையில் ஒரு ஊசித் திருகு இருக்கிறது. வலப்பக்கம் இறுக்கினால் எரிபொருள் குறையும், வேகம் வரும், சூடும் ஏறும். இடப்பக்கம் தளர்த்தினால் எரிபொருள் கூடும், புகை வரும், எஞ்சின் சோம்பும். அதிகமாக இறுக்கினால் எஞ்சின் வெந்து செத்துவிடும்.

பழசைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு வேலை. அந்தத் திருகை மெதுவாக முழுக்க மூடுங்கள். எத்தனை சுற்றில் மூடியது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். அண்ணன் காதால் கேட்டு வைத்த அளவு அது. புதுசையும் அதிலேயே தொடங்கி, ஓடவிட்டுப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம்.

பிறகு ஏர் ஃபில்டர், எரிபொருள் ட்யூப், கம்பி, இந்த வரிசையில் கழற்றுங்கள். அடியில் குறுக்கே ஒரு போல்ட், அதைத் தளர்த்தினால் கையோடு வந்துவிடும். புதுசை உட்கார வைக்கும்போது கழுத்தில் உள்ள ரப்பர் வளையம் பிதுங்கக் கூடாது. அந்த இடத்தில் துளி காற்று கசிந்தாலும் எஞ்சின் ஒரே நிலையில் நிற்காது.

லீவு கேட்டிருக்கிறேன். கிடைப்பது கஷ்டம்.

தம்பி


ஏப்ரல் 5

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. பரவாயில்லை என்று எழுதினால் வலி போகவில்லை என்று அர்த்தம். வேலைக்குப் போய் ரெண்டு வாரம் ஆகிறது. இப்போது எங்கள் கம்பெனியில் பஸ் சீட்டுக்கு உறை தைக்கிறோம். ரெக்ஸின் தடிப்பு, ஊசி ஒடிந்துகொண்டே இருக்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் உங்கள் கடிதத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மெஷின்காரி எட்டிப்பார்த்து, "என்னடி, காதல் கடுதாசியா?" என்றாள். "ஆமா, ரப்பர் வளையம் பிதுங்கக் கூடாதாம், எவ்ளோ உருக்கமா எழுதியிருக்காரு பாரு" என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு முதல் தடவை. உடனே பாத்ரூம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அது கிடக்கட்டும்.

ஞாயிறு காலை சாப்பாட்டு மேஜையில் பழைய துணி விரித்து உட்கார்ந்தேன். வண்டி பூராவும் அவர் கைவாசனை. எண்ணெயும் ஸ்பிரிட்டும் கலந்த அந்த வாடை. இந்த வாடைக்காகத் தலையணை உறையைத் தனியாகத் துவைத்தவள் நான்.

திருகை எண்ணினேன். மூடி ஒரு தடவை, திறந்து ஒரு தடவை. ஏழு. அவருடைய காலண்டரிலேயே பெரிசாக எழுதி வைத்திருக்கிறேன். அப்புறம் நீங்கள் சொன்ன வரிசையில் கழற்றி மாட்டினேன். ரப்பர் வளையத்துக்கு மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன், வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. அரை நாள் ஆனது. அவர் கால் மணியில் முடித்திருப்பார். முடித்துவிட்டு டீ கேட்டிருப்பார்.

ஏழில் வைத்து ஓட்டலாமா? சொல்லுங்கள்.

அந்தக் கவரைப் பற்றிக் கேட்டிருந்தேன். நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. மறந்திருப்பீர்கள். டப்பாவிலேயே இருக்கிறது.

லீவு என்ன ஆனது?

அண்ணி


ஏப்ரல் 22

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். நலம், உங்கள் நலம் அறிய ஆவல். சுரங்கத்தில் ஊற்று உடைந்து நாலு பம்பும் ஓய்வில்லாமல் ஓடுகின்றன, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

ஏழு சுற்று. அண்ணன் வைத்தது என்றால் சரியாகத்தான் இருக்கும். அதிலேயே ஓட்டிப் பாருங்கள். எஞ்சினைப் பற்றவைக்கிற க்ளோ பிளக்கைச் சூடாக்குகிற சாமான் டாக்டரிடம் இருக்கும், அவரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கவர் அப்படியே இருக்கட்டும்.

தம்பி


மே 3

அன்புள்ள தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். பல் டாக்டருடைய சட்டைதான் நன்றாக இல்லை. சொல்கிறேன்.

இன்று காலை அவர் வந்தார். பின்பக்கம் சிமெண்ட் தரையில் வண்டியை வைத்து, ஏழு சுற்று திறந்து, டேங்கை நிரப்பிக் கயிற்றை இழுத்தோம். ரெண்டு இழுப்பு வந்தது. மூணாவதில் கல் மாதிரி நின்றுவிட்டது. "அக்கா, தொண்டை வரைக்கும் குடிச்சிருக்கு" என்று சொல்லிப் பிளக்கைக் கழற்றி, வண்டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, இப்போ இழுங்க என்றார். இழுத்தேன். உள்ளே இருந்த எரிபொருள் முழுக்க அவர் மார்பில் பீச்சியது. நான் பயந்துபோனேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பரவால்லக்கா, பேஷண்ட் என்மேல துப்புறது எனக்குப் பழக்கம்தான்" என்றார்.

அப்புறம்தான் கேட்டார், "ஏழுன்னு யாரு சொன்னா?" நான்தான் எண்ணினேன் என்றேன். "எப்படி எண்ணுனீங்க, காட்டுங்க."

காட்டினேன். எங்கள் கம்பெனியில் நூலை இறுக்குகிற திருகை எப்படி எண்ணுவோமோ அப்படி. விரலால் பிடித்துத் திருப்பினால் மணிக்கட்டு பாதிச் சுற்றுக்குமேல் போகாது. விட்டு மறுபடி பிடிக்க வேண்டும். ஒரு பிடிக்கு ஒரு எண். சூப்பர்வைசர் 'ரெண்டு இறுக்கு' என்று கத்தினால் ரெண்டு பிடி. பதினெட்டு வருஷமாக அப்படித்தான் எண்ணுகிறேன். வேறு மாதிரி எண்ணுவார்கள் என்று தோன்றவே இல்லை.

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். அவர் கணக்கில் மூன்றரைதான். "ஏழு சுத்து திறந்தா எந்த எஞ்சினும் ஓடாதுக்கா. இது தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் கேட்ட உடனே சொல்லியிருப்பாங்களே."

அதுதான் எனக்குப் புரியவில்லை தம்பி. எஞ்சின் விஷயத்தில் உங்கள் அண்ணனுக்கே சந்தேகம் வந்தால் உங்களுக்குத்தான் போன் பண்ணுவார். ஏழு என்றதும் உங்களுக்கு இடிக்கவில்லையா? ஒரு வரி கேட்டிருக்கலாமே. கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

அண்ணி


மே 20

அன்புள்ள தம்பிக்கு,

பதில் வரவில்லை. நீங்கள் சுகமாக இருந்தால் சரி. பம்ப் வேலை அதிகமாக இருக்கும்.

மூன்றரையில் எஞ்சின் ஓடுகிறது. முதல் சத்தம் வந்தபோது ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டேன். பெரிய வாய் வைத்த கார்புரேட்டர், அதனால் மூன்றரை இதற்குச் சரியாக வரவில்லை. வேகம் கொடுத்தால் இருமுகிறது, ஓய்வில் விட்டால் அடங்கிவிடுகிறது. தினமும் வேலை விட்டு வந்து வெளிச்சம் இருக்கும்வரை கொஞ்சம் திருப்பிக் கேட்கிறேன். தையல் மெஷினில் நூல் இறுகினால் சத்தம் மாறும், துணியைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். இதுவும் அப்படித்தான் இருக்கிறது.

ஜூன் ஏழாம் தேதி மைதானம். எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், என் கொழுந்தனார் வருவார் என்று. சும்மா சொன்னேன். வந்தால் நிஜமாகிவிடும்.

அண்ணி


மே 27

அண்ணிக்கு,

நலம் விசாரித்து எழுத இந்தத் தடவை கை வரவில்லை. மன்னியுங்கள்.

ஏழு சுற்று தப்பு என்று படித்த உடனே எனக்குத் தெரியும். பேனாவை எடுத்து, 'அண்ணி, மறுபடி எண்ணிப் பாருங்கள்' என்று எழுதவும் எழுதினேன். அப்புறம் கிழித்துவிட்டேன். அது அண்ணன் வைத்த அளவு என்று நினைத்தேன். அண்ணன் செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வந்ததே இல்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவர் சொன்னால் 'சரிண்ணே', அவ்வளவுதான்.

இன்னொரு தடவையும் 'சரிண்ணே' என்றேன். அதைத்தான் மூன்று மாதமாக எழுதாமல் திருகையும் வளையத்தையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பரில் அண்ணன் போன் பண்ணினார். அவர் பார்த்தது லிப்ட் ரிப்பேர் வேலை, லிப்ட் பழுதாகி நின்றால் மாடி ஏறித்தானே ஆகவேண்டும். "ஆறாவது மாடிகிட்ட போறப்ப நெஞ்சு மேல யாரோ உக்கார்ற மாதிரி இருக்குடா. கொஞ்சம் நின்னா சரியாயிடுது" என்றார். டாக்டரிடம் போங்கள் என்றேன். "வேலை முடியட்டும், பாக்கலாம். உங்க அண்ணிகிட்ட மூச்சு விட்றாத. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு உயிரை எடுத்துருவா" என்றார். சரிண்ணே என்றேன்.

ஜனவரியிலும் வலி வந்ததாகச் சொன்னார். அப்போதும் உங்களிடம் சொல்லவில்லை. அந்தக் கவரில் இருப்பது இதுதான்: 'பிப்ரவரி முடிவதற்குள் அண்ணியிடம் நீங்களே சொல்லுங்கள், இல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன்.' இதைப் போனில் சொல்லியிருக்கலாம். உங்களுக்கே போன் பண்ணியிருக்கலாம். அண்ணனுக்குக் கோபம் வருமோ என்று, அவர் ஆசைப்பட்ட சாமானோடு சேர்த்து அனுப்பினேன். அண்ணனை ஒரு வார்த்தை கண்டிக்க எனக்கு ஒரு கார்புரேட்டர் துணைக்கு வேண்டியிருந்தது. பார்சல் ஐந்து வாரம் வழியில் கிடந்தது. அவர் பத்தாம் தேதியே போய்விட்டார்.

சாலை உடையவில்லை அண்ணி. அண்ணன் போன தகவல் வந்த அன்றே கிளம்பினேன். உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் சிமெண்ட் பெஞ்சில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். 'அவருக்கு முன்னாடியே ஏதாவது இருந்துச்சா தம்பி' என்று நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அதனால்தான் வரவில்லை. திரும்பிப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

கவரைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

தம்பி


ஜூன் 6

தம்பிக்கு,

கடிதம் இன்று கிடைத்தது. படித்தேன். நாளை மைதானத்துக்குப் போகவில்லை. இப்போது எழுத முடியாது.

அண்ணி


ஜூன் 30

அண்ணிக்கு வணக்கம்.

உங்கள் நாலு வரி வந்தது. நான் எதுவும் கேட்கப்போவதில்லை. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் தெரிந்தால் போதும். டாக்டர் மூலமாகச் சொல்லி அனுப்பினாலும் போதும். இங்கே சுரங்கம் மறுபக்கம் திறந்துவிட்டது. ஆட்களைக் குறைக்கிறார்கள். இனிமேல் லீவு கேட்டால் இல்லை என்று சொல்ல ஆள் இல்லை. அதை எழுதாமல் இருக்கக் கூடாது என்று எழுதினேன்.

தம்பி


ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஒரு வாரம் தூங்கவில்லை, அப்புறம் தூங்கிவிட்டேன். ரெண்டு தடவை வேலையில் தப்பாகத் தைத்து நாற்பது உறையைப் பிரித்தேன். இப்போது சரியாகிவிட்டது.

உங்கள் கடிதம் வந்ததும் வண்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். நீங்கள் அனுப்பிய சாமான் அதில் இருந்தது என்பதாலேயே பார்க்கப் பிடிக்கவில்லை. கழற்றி எறியப் போனேன். அடியில் உள்ள போல்ட் வரை தளர்த்திவிட்டேன். அப்புறம், இதை மாட்டினது நான்தானே என்று தோன்றியது. மறுபடி இறுக்கினேன்.

போன ஞாயிறு மைதானத்தில் ஓட்டினேன். நல்ல வெயில். டாக்டர் பக்கத்தில் நின்றுகொண்டு, "இன்னும் துளி இறுக்குங்கக்கா, பறக்கும்" என்றார். இறுக்கினேன். நிஜமாகவே பறந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். வண்டியை நிறுத்தி எஞ்சின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். இப்படித்தான் சூடு பார்ப்பார்களாம், நாலு எண்ணுவதற்குள் கொதித்து அடங்கினால் சரி. இது ஒன்று எண்ணுவதற்குள் காணோம். உடனே ஒரு பிடி தளர்த்திவிட்டேன். டாக்டருக்கு வருத்தம். "ஜெயிக்கிற வண்டியை இப்படிப் பண்ணிட்டீங்களே" என்றார். ஜெயிக்க வேண்டாம், முழு டேங்கும் ஓடி வீட்டுக்கு வரட்டும் என்றேன். பின்னால் புகை விட்டுக்கொண்டு மெதுவாக ஓடியது. டேங்க் காலியாகும்வரை ஓட்டினேன். அழுதுகொண்டேதான் ஓட்டினேன், ஆனால் எங்கேயும் முட்டவில்லை.

இனி உங்களுக்கு. உங்கள்மேல் தப்பில்லை என்று எழுத நாலு தடவை பேப்பர் எடுத்தேன். எழுத்து வரவில்லை. பொய்யை எழுதிப் பழக்கம் இல்லை. என்னிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன். ஊரைக் கூட்டியிருப்பேன். அவர் திட்டியிருப்பார், உங்களோடும் ஒரு வருஷம் பேசியிருக்க மாட்டார். திட்டிக்கொண்டாவது இருந்திருப்பார். இது எனக்கு மாறப்போவதில்லை.

அவர்மேலும் அதே கோபம். உயிரை எடுத்துவிடுவாளாம். உங்களை விட அவர்மேல்தான் அதிகம். ஆனால் அவரிடம் எங்கே போய்ச் சண்டை போட? போட்டோவைப் பார்த்து ரெண்டு நாள் திட்டினேன், சிரித்துக்கொண்டே இருக்கிறார். அவர் எப்படிப் பேசுவார், எப்படி மழுப்புவார், எப்படி ஆளை வாயடைப்பார் என்று தெரிந்தவர் உலகத்தில் இன்னும் ஒருத்தர்தான் இருக்கிறார். சண்டை போட எனக்கு வேறு ஆள் இல்லை.

வாருங்கள். முதல் நாள் உங்களோடு பேச மாட்டேன், சாப்பாடு மட்டும் போடுவேன். ரெண்டாம் நாள் கத்துவேன். நீங்கள் 'சரிண்ணி, சரிண்ணி' என்று தலையாட்டக் கூடாது. எதிர்த்துப் பேச வேண்டும். டிசம்பரிலிருந்து அவர் உங்களிடம் சொன்னது ஒவ்வொன்றையும் எனக்குச் சொல்ல வேண்டும். அப்புறம் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியவில்லை.

எந்த நாள், எந்த பஸ் என்று எழுதுங்கள். வீட்டில் காத்திருக்க மாட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, அந்தத் தண்ணீர்க் குழாய்ப் பக்கத்துப் பெஞ்சில் முன்னாடியே உட்கார்ந்துகொள்வேன்.

அண்ணி